முப்பத்திரண்டாம் அளவு

மேல்மாடிக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளுக்கு,

முதலாளி என்னிடம் கேட்டது வேறு. "அக்கா, சனத்தோடை எப்பிடிக் கதைச்சு விக்கிறதெண்டு உவையளுக்கு ஒரு நாலு பக்கம் எழுதித் தாங்கோவன்" என்றார். கதைத்து விற்பது உங்களுக்குத் தானாக வரும். மூன்று மாதம் அந்த மேசைக்குப் பின்னால் நின்றால் என் தலையிலேயே இரண்டு உருப்படியைக் கட்டிவிடுவீர்கள். அதற்கு நான் தேவையில்லை. விற்கக்கூடாத ஒன்றை விற்றுவிட்டு அதன் பிறகு நான் பட்ட பாட்டைத்தான் இங்கே எழுதப்போகிறேன்.

இருபத்தெட்டு வருடம் இந்தப் புடவைக்கடையின் மேல்மாடியில் நின்று பிரா விற்றேன். இந்தச் சொல்லை இப்படி முழுதாக எழுதுவதற்கே எனக்கு ஓய்வு கிடைக்கவேண்டியிருந்தது, பாருங்கள். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் அதன் பெயரை நாங்களும் சொல்வதில்லை, வாங்க வருகிறவர்களும் சொல்வதில்லை. படியேறி வந்து, சேலை மேசையில் சும்மா நாலு சேலையைப் புரட்டிவிட்டு, ஆள் இல்லாத நேரம் பார்த்து எங்கள் பக்கம் ஒதுங்குவார்கள். கைப்பைக்குள் இருந்து பேப்பரில் சுற்றிய பழையது ஒன்று வெளியே வரும். "இதேமாதிரி ரெண்டு தாங்கோ" என்பார்கள். மூன்று வருடத்துக்கு முன் வாங்கியதாக இருக்கும். அதற்குப் பிறகு ஒரு பிள்ளைகூடப் பெற்றிருப்பார்கள். ஆனால் அளவு மட்டும் அதேதான்.

எனக்கு வேலை பழக்கிய அக்கா முதல்நாளே இரண்டு விசயம் சொல்லித்தந்தார். குரல் மேசையைத் தாண்டிப் போகக்கூடாது. அளவு நாடாவைக் கையில் எடுக்கக்கூடாது. அந்த நாளைக்கு அது சரிதான். முன்பின் தெரியாத ஒருத்தி தன்னைச் சுற்றி நாடா பிடிக்க எங்கள் ஊர்ப் பெண் விடுவாளா? கூசிப்போய் அடுத்த தடவை வேறு கடைக்குப் போய்விடுவாள். ஆகவே நாங்கள் கண்ணாலேயே அளந்தோம். ஒருத்தி படியில் ஏறி முடிப்பதற்குள் அவளுடைய எண் எனக்குத் தெரிந்துவிடும். "அவவின்ரை கண்ணுக்குள்ளை நாடா கிடக்கு" என்று மற்றப் பிள்ளைகள் சொல்லும்போது மேலுக்குச் சிரித்துவிட்டு உள்ளுக்குள் குளிர்ந்துபோவேன். தலைக்கனம்தான், மறைக்கவில்லை.

இன்னொன்றையும் நீங்கள் கவனிப்பீர்கள். பள்ளிக்கூட வெள்ளைச் சட்டை வாங்க வருகிற தாய், "வளருற பிள்ளை" என்று இரண்டு அளவு பெரிதாக வாங்குவாள். கீழ்மடிப்பைத் தைத்துவிட்டு வருடா வருடம் இறக்குவாள். அதே தாய் அதே பிள்ளைக்கு எங்கள் மேசைக்கு வந்தால் ஒரு அளவு சின்னதாகக் கேட்பாள். அங்கே வளரும் என்று வாங்குவது, இங்கே வளரக்கூடாது என்று வாங்குவது. இதைப் பார்த்துப் பார்த்து எனக்குப் பழகிவிட்டது. தாய் கேட்டதைக் கொடு, பேப்பரில் சுற்று, பிறகு சொப்பிங் பாக்கில் போடு. இதுதான் எங்கள் முறை.

அப்படி ஒருநாள் அச்சுவேலிப் பக்கத்திலிருந்து ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தாய்க்கு நாற்பத்தைந்து இருக்கும். தோட்ட வேலை செய்து காய்ப்பேறிய கை, அயர்ன் பண்ணிய சேலை. மகளுக்குப் பதினெட்டு முடிந்திருந்தது, உயர்தரம் படிக்கிறாள். நல்ல உயரம். ஆனால் அந்த உயரத்தை எங்கே வைப்பது என்று தெரியாதவள்போலத் தோளை முன்னுக்கு வளைத்து, பள்ளிக்கூடக் கொப்பிப் பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு நின்றாள்.

"முப்பத்திரண்டு ரெண்டு தாங்கோ" என்றார் தாய்.

என் கண் முப்பத்தாறு என்றது. நான் குரலைத் தாழ்த்தி, "பிள்ளைக்குக் காணாது தங்கச்சி" என்றேன்.

"காணும் அக்கா. இறுக்கமாத்தான் வேணும்."

இரண்டாம் தடவை நான் சொல்லவில்லை. பெட்டியை எடுத்து முன்னால் வைத்தேன். தாய் கீழே காசு கட்டத் திரும்பிய நேரம் அந்தப் பிள்ளை மேசைக்குக் கிட்ட வந்து, வாயை மூடிக்கொண்டு கேட்பதுபோல மெல்லக் கேட்டாள்: "அன்ரி, இதைப் போட்டுக்கொண்டு ஓட ஏலுமோ?"

"ஏன் ஏலாது? வடிவா ஓடலாம் பிள்ளை" என்றேன்.

பிள்ளைகளே, நான் வாழ்க்கையில் அதிகம் பொய் சொன்னவள் இல்லை. இது மட்டும் யோசிக்காமலே வாயில் வந்தது. அடுத்த ஆள் காத்துக்கொண்டு நின்றார், பெட்டியை மூடவேண்டியிருந்தது, அவ்வளவுதான். அவள் என்னை நம்பித் தலையாட்டிவிட்டுப் போனாள்.

ஒன்றரை மாதம் கழித்து ஒரு வியாழக்கிழமை, ரியூசன் விட்ட நேரம், அவள் தனியாக வந்தாள். பிராப் பெட்டிகள் இருந்த பக்கம் திரும்பியும் பார்க்கவில்லை. "அகலமான எலாஸ்ரிக் இருக்கோ அன்ரி? ஒரு சாண் அகலத்திலை, ரெண்டு மீற்றர்" என்றாள்.

"ஒரு சாண் எலாஸ்ரிக் என்னத்துக்கு?"

"சும்மா."

"சும்மா கட்டுற சாமானோ அது?"

அவள் நிலத்தைப் பார்த்தாள். பிறகு கொட்டினாள். ஆயிரத்து ஐந்நூறு மீற்றர் ஓடுகிறவள் அவள். போன வருடம் வலயமட்டத்தில் இரண்டாவது. இந்த வருடம்தான் பள்ளிக்கூடத்தில் கடைசி. அடுத்த வெள்ளிக்கிழமை போட்டி. நான் விற்ற இரண்டையும் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் போட்டு, அதற்கு மேல் சால்வையையும் சுற்றிக்கொண்டு ஓடிப் பழகுகிறாள். இரண்டாவது சுற்றில் மூச்சு நின்றுவிடுகிறது. பயிற்சி தருகிற சேர், "உனக்குப் பஞ்சி வந்திட்டுது" என்று சோம்பேறிப் பட்டம் கட்டி ஏசுகிறார். அவரிடம் என்ன காரணத்தைச் சொல்வது? ஒன்றைக் கழற்றினால் மதிலோரம் நிற்கிற பெடியள் கதைக்கிறதைக் கேட்க முடியவில்லை.

"எலாஸ்ரிக்காலை சரிவராட்டில் திங்கக்கிழமை பேரை வெட்டச் சொல்லப்போறன். காலிலை நோவெண்டு சொன்னால் சரி" என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுகமாக இருந்திருக்கும்.

சட்டையின் தோள்பக்கத்தைச் சற்று விலக்கிக் காட்டினாள். பட்டி வெட்டிய இடத்தில் தோல் உரிந்து காய்ந்து, மறுபடி உரிந்திருந்தது. நான் விற்றது. நான் பேப்பரில் சுற்றிக் கொடுத்தது.

எலாஸ்ரிக் எங்களிடம் இருந்தது. வெட்டிக் கொடுத்திருந்தால் அலுவல் முடிந்தது. தாயைக் கூட்டிக்கொண்டு வா என்று அனுப்பியிருக்கலாம், தாய் வரப்போவதில்லை என்பது எங்கள் இரண்டு பேருக்கும் தெரியும். நான் தையல் மேசையில் இருந்த நாடாவை எடுத்தேன். பின்னால், சேலைப் பெட்டிகள் அடுக்கிய ஸ்ரோர் அறைக்கு அவளைக் கூட்டிக்கொண்டுபோய்க் கதவைச் சாத்தினேன். அதுவரை செய்த இருபத்தொரு வருட வேலையில் அதுதான் நான் முதன்முதல் ஒருத்தியை அளந்தது. சட்டைக்கு மேலாலேதான் பிடித்தேன்.

நெஞ்சுக்குக் கீழே விலாவைச் சுற்றிப் பிடித்தால் முப்பத்திரண்டு. நம்பாமல் இன்னொருமுறை பிடித்தேன். அதே முப்பத்திரண்டு.

தாய் சொன்ன எண் சரி. என் கண் சொன்ன முப்பத்தாறுதான் பிழை. அன்றைக்கு நான் வாதாடி முப்பத்தாறு கொடுத்திருந்தால் அது முதுகில் ஏறிக்கொண்டு போயிருக்கும், ஓட்டத்துக்கு ஒரு உதவியும் செய்திருக்காது. சுற்றளவு சின்னது, கப் பெரிதாக வேண்டும். அது வேறு அளவு. அப்படியும் ஒரு அளவு இருக்கிறது என்று பெட்டிகளில் ஏ, பி, சி என்று எழுத்துப் போட்டுத்தான் வந்தது. ஆனால் எங்கள் கடையில் எல்லா எண்ணிலும் ஒரே எழுத்தைத்தான் வருடக்கணக்காக எடுத்து விற்றோம். எழுத்தைப் பார்க்க எங்களுக்கு நேரம் இருக்கவில்லை. எத்தனை பேருக்கு இப்படிக் கொடுத்திருப்பேன் என்று நினைக்க அந்த அறைக்குள் எனக்கு வெட்கமாக இருந்தது.

"திங்கக்கிழமை பேரை வெட்டச் சொல்லாதை. எனக்கு ஒரு அஞ்சாறு நாள் தா" என்றேன். எலாஸ்ரிக் கொடுக்கவில்லை.

அன்று பின்னேரமே கொழும்பில் எங்களுக்குச் சாமான் அனுப்புகிறவருக்குப் போன் எடுத்து, விளையாட்டுக்குப் போடுகிற மாதிரி, இன்ன சுற்றளவு, இன்ன எழுத்து என்று சொன்னேன். ஒரு ஆணிடம் அதைச் சத்தமாகச் சொன்னதும் அதுதான் முதல்தடவை. அவர் கூசவில்லை. "பார்த்துச் சொல்றன் அக்கா" என்றார், நூல்பந்து கேட்டதுபோல.

சனிக்கிழமை வந்தது. வைகாசி மாதம், கல்யாணச் சனம், மேல்மாடி நிரம்பி வழிந்தது. மாப்பிள்ளை வீட்டு ஆண்கள் கூறைச்சேலை பார்க்கக் கதிரை போட்டு உட்கார்ந்திருந்தார்கள். அதற்குள் அந்தத் தாய் படியேறி வந்தார். மகள் நடந்ததை ஒளிக்காமல் சொல்லியிருக்கிறாள்.

"ஆர் இங்கை என்ரை பிள்ளையை உள்ளை கூட்டிக்கொண்டுபோய் அளந்தது?"

சேலை விரித்துக்கொண்டிருந்த கைகள் அப்படியே நின்றன. முதலாளி கீழேயிருந்து ஓடி வந்தார். பயந்த சுபாவம், ஆனால் பண்பானவர். "எங்கடை கடையிலை அப்பிடி ஒருதரும் அளக்கிறேல்லை அம்மா. பிள்ளை வேறை எங்கையும் போயிருப்பா" என்றார்.

நான் தப்பிக்க அவர் ஒரு வழியைத் திறந்துவிட்டார். நான் வாயை மூடிக்கொண்டு நின்றிருந்தால் போதும். அந்தத் தாய் கத்திவிட்டுப் போயிருப்பார், பிள்ளைக்கு வீட்டில் நல்ல பேச்சு விழுந்திருக்கும், திங்கட்கிழமை பெயரும் வெட்டுப்பட்டிருக்கும். எனக்கு வேலை போகாது. இதையெல்லாம் அந்த ஒரு நிமிடத்தில் நான் நினைத்தேன் என்று சொன்னால் புளுகு. அந்தத் தோள் மட்டும்தான் கண்ணுக்குள் நின்றது.

"நான்தான் அளந்தனான்" என்றேன். "உங்களைக் கேக்காமல் அளந்தது என்ரை பிழை. ஆனால் தங்கச்சி, நீங்கள் சொன்ன முப்பத்திரண்டு சரியான அளவு. நான்தான் அண்டைக்குப் பிழையா நினைச்சனான்."

சண்டைக்கு வந்தவரிடம் நீங்கள் சொன்னதுதான் சரி என்றால் அவர் என்ன செய்வார்? நான் தந்திரமாகச் சொன்னேன் என்று நினைக்காதீர்கள், அது உண்மை. பிடித்துக்கொள்ள ஒரு உண்மை இருந்தது என் அதிர்ஷ்டம். "உள்ளை வாங்கோ, இருந்து கதைப்பம்" என்று கையைப் பிடித்தேன். வந்தார்.

ஸ்ரோர் அறையில் ஒரு சேலைப் பெட்டியின் மேல் அவர் உட்கார்ந்தார், எதிரே இன்னொரு பெட்டியில் நான்.

"சுத்தளவு நீங்கள் சொன்னதுதான். மேலைதான் இடம் காணாது. இறுக்கினால் அடங்குமெண்டு நினைச்சியள். மூச்சுத்தான் தங்கச்சி அடங்குது" என்றேன். தோள் காயத்தைச் சொன்னேன். இரண்டையும் ஒன்றாகப் போட்டு ஓடுவதைச் சொன்னேன்.

"ஓடாட்டில் என்ன? ஓடித்தான் சோறு தின்னோணுமோ?"

"அவ திங்கக்கிழமை பேரை வெட்டச் சொல்லப்போறா. உங்களுக்குச் சொல்லேல்லையோ?"

அவர் இல்லை என்று தலையசைத்தார். கையில் இருந்த குடையின் பிடியைத் தடவினார். பிறகு, என்னைப் பார்க்காமல் சொன்னார்.

"நானும் இப்பிடித்தான் அக்கா. பதினாறு வயசிலை, சந்தியிலை நிண்டவங்கள் சைக்கிளை மறிச்சுக் கதைச்சாங்கள். நாலு நாள் பொறுத்தன். அஞ்சாம் நாள் பள்ளிக்கூடத்தாலை நிண்டிட்டன். படிப்பு ஏறேல்லை எண்டு அம்மாவுக்குச் சொன்னன். அவ சாகுமட்டும் அப்பிடித்தான் நம்பினவ." குடையை மடியில் வைத்தார். "நான் என்ரை பிள்ளையை அடக்கிறதுக்கு இதை வாங்கேல்லை. ஒருதற்றை கண்ணிலையும் படாட்டில் இவளாவது போய் வந்து படிப்பாள் எண்டுதான் வாங்கினனான். இப்ப இவளும் எனக்குச் சொல்லாமல் நிக்கப் பாக்கிறாள், என்ன?"

இந்தத் தாயை நான் இவ்வளவு காலமும் பட்டிக்காட்டுப் பிடிவாதம் என்று நினைத்திருந்தேன். எங்கள் மேசைக்கு வந்து சின்ன அளவு கேட்ட எல்லாத் தாய்மாரையும் அப்படித்தான் நினைத்தேன். ஒருத்தியிடமாவது ஏன் என்று கேட்டேனா? இல்லை. எனக்குக் கண்ணீர் வந்தது, வந்தபடியே விட்டேன். அவரும் அழுதார். வெளியே கூறைச்சேலை விலை பேசுகிற சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது.

அந்தப் போட்டியில் அவள் நாலாவதாக வந்தாள் என்பதை இப்போதே சொல்லிவிடுகிறேன். கடைசியில் பதக்கம் வாங்கினாளா என்று எதிர்பார்த்துக்கொண்டு நீங்கள் மிச்சத்தை வாசிக்கக்கூடாது. நாலாவது நல்ல இடம். ஒன்றரை மாதம் மூச்சில்லாமல் பழகிய பிள்ளைக்கு மிக நல்ல இடம்.

இன்றைக்கு உங்களுக்குக் கண்ணாடி வைத்த அறை இருக்கிறது, கதவுக்குக் கொளுக்கி இருக்கிறது, ஆளுக்கொரு நாடா இருக்கிறது. அந்த வைகாசிக்குப் பிறகுதான் முதலாளி ஸ்ரோர் அறையில் பாதியை மறித்துத் தந்தார். நாடாவைக் கழுத்தில் போட்டிருந்தால் மட்டும் போதாது. அளக்கட்டுமா என்று முதலில் கேளுங்கள், வேண்டாம் என்றால் விடுங்கள், கை குளிராக இருந்தால் தேய்த்துச் சூடாக்கிவிட்டுப் பிடியுங்கள். எண்ணோடு எழுத்தையும் பாருங்கள். ஒருத்தி பிழையான அளவைக் கேட்டால் சிரிக்காதீர்கள், அவள் எதற்குப் பயந்து அதைக் கேட்கிறாள் என்று யோசியுங்கள். போட்டுக்கொண்டு என்ன செய்யப்போகிறாள் என்றும் கேளுங்கள். வயலுக்குப் போகிறவள், பாலூட்டுகிறவள், மணவறையில் நாலு மணித்தியாலம் இருக்கப்போகிறவள் எல்லாருக்கும் ஒன்று சரிவராது. சரிவராததை, அவசரம் என்றாலும், சரிவரும் என்று சொல்லாதீர்கள்.

நான் சொல்லிவிட்ட கொழும்புப் பார்சல் அந்தப் புதன்கிழமை காலை பஸ்ஸில் வந்தது. போட்டிக்கு இரண்டு நாள் இருந்தது. பின்னேரம் தாயும் மகளும் வந்தார்கள். இரண்டு பேருக்கும் இடையில் என்ன கதை நடந்தது என்று எனக்குத் தெரியாது, நான் கேட்கவும் இல்லை. வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒன்றாக இருந்து வந்தவர்கள் என்று மட்டும் முகத்தில் தெரிந்தது.

பிள்ளை உள்ளே போய்ப் போட்டுக்கொண்டு, மேலே பள்ளிக்கூடச் சட்டையையும் மாட்டிக்கொண்டு, கதவைத் திறந்தாள். நான் பட்டிக்கும் தோளுக்கும் இடையில் இரண்டு விரல் விட்டுப் பார்த்தேன். முதுகுப்பக்கம் மேலே ஏறுகிறதா என்று கையைத் தூக்கச் சொன்னேன். ஏறவில்லை. மூச்சை இழுத்து விடச் சொன்னேன். அவள் இழுத்தாள், இன்னும் இழுத்தாள், எவ்வளவு போகிறது என்று தானே பார்ப்பவள்போல.

"துள்ளிப் பார்" என்றேன்.

துள்ளினாள். இன்னொருமுறை துள்ளினாள். பிறகு எங்கள் இரண்டு பேரையும் மறந்துவிட்டாள். ஸ்ரோர் வாசலில் இருந்து, எங்கள் மேசையையும் சேலை மேசைகளையும் தாண்டி, படிக்கட்டு மட்டும் அந்த நீட்டு வழியில் ஓடினாள். இரண்டு கையும் வெறுங்கை. சேலை பார்த்துக்கொண்டிருந்த சனம் ஒதுங்கியது. முதலாளி படியில் ஏறி வந்தவர் அப்படியே சுவரோடு ஒட்டிக்கொண்டார். திரும்பி எங்களிடம் ஓடி வந்து நின்றபோதுதான் தான் எங்கே நிற்கிறாள் என்று அவளுக்கு நினைவு வந்தது. எல்லாரும் அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முகம் சிவந்து, தோள் பழையபடி முன்னுக்கு வளையத் தொடங்கியது. ஏச்சு விழும் என்று தாயைப் பார்த்தாள்.

தாய் மேல்மாடியில் நின்ற அத்தனை பேரையும், ஆண்களையும் சேர்த்து, ஒருமுறை நிதானமாகப் பார்த்தார். பிறகு மகளிடம், எல்லாருக்கும் கேட்கிற குரலில் சொன்னார்.

"இன்னொருக்கா ஓடு, பாப்பம்."